கொரியாவில் அன்றாடப் பாதுகாப்பும் சமூக நம்பிக்கையும்

1. பொருளும் எல்லையும்

தென் கொரியத் தலைநகர் சியோலின் காபிக் கடைகளில் மேசைமேல் லேப்டாப்பையும் கைப்பேசியையும் வைத்துவிட்டு எழுந்து போவது சாதாரண வழக்கம். இடம் பிடித்திருப்பதற்கு அடையாளமாகவே அவை வைக்கப்படுகின்றன. கூரியர் ஊழியர் கொண்டுவரும் பொட்டலம் கையெழுத்து வாங்கப்படாமல் வாசலில் வைக்கப்பட்டு, வீட்டுக்காரர் திரும்பும்வரை அங்கேயே கிடக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய் வருகிறார்கள். கடைக்காரரே இல்லாத ஐஸ்கிரீம் கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கின்றன; வாங்குபவர் தாமே கணக்குப் போட்டுக் கார்டில் பணம் செலுத்திவிட்டுப் போகிறார்.

புள்ளிவிவரமும் இதற்குத் துணை நிற்கிறது. தென் கொரியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு நிகழும் கொலைகள் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 வரைதான். உலகில் மிகக் குறைந்த விகிதங்களில் இதுவும் ஒன்று. துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. வேட்டைத் துப்பாக்கிகூடக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, வேட்டைப் பருவத்தில் மட்டும் எடுத்துச் செல்லப்படுகிறது.

இவற்றைக் காணும் வெளியூரார், கொரியர்கள் ஒருவரையொருவர் ஆழமாக நம்பும் மக்கள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுகிறார்கள். கொரியர்களிடமே கேட்டால் விடை வேறாக வருகிறது. முன்பின் அறியாதவரை நம்பலாமா என்ற கேள்விக்கு, மூன்றில் இருவர் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது என்கிறார்கள். மேசைமேல் விட்டுச் சென்ற பொருள் பத்திரமாக இருப்பதும், மனிதரை மனிதர் நம்புவதும் ஒன்றல்ல. முன்னது எப்படிக் கட்டப்பட்டது, பின்னது ஏன் அதற்கு இணையாக வளரவில்லை என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

2. ஊரின் ஒழுங்கு

ஜேஜு தீவின் பழைய வீடுகளுக்கு வாசற்கதவு கிடையாது. வாசலின் இருபுறமும் துளையிட்ட கற்கள் நின்றிருக்கும். அவற்றில் மூன்று மரக்கழிகளைக் குறுக்கே செருகி வைப்பார்கள். ஜோங்நாங் என்பது இதன் பெயர். கழிகள் மூன்றும் இறக்கப்பட்டிருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது. ஒரு கழி குறுக்கே இருந்தால் பக்கத்தில்தான் போயிருக்கிறார்கள். இரண்டு இருந்தால் திரும்ப நேரமாகும். மூன்றும் இருந்தால் தொலைதூரம் சென்றிருக்கிறார்கள். மேய்ச்சலில் இருக்கும் குதிரையும் மாடும் உள்ளே நுழையாமல் தடுப்பது இதன் நேரடிப் பயன். திருடரும் பிச்சைக்காரரும் வாசற்கதவும் இல்லாத தீவு என்று ஜேஜுவுக்கு நெடுங்காலமாக ஒரு பெயர் உண்டு.

வீட்டில் ஆளில்லை என்பதை வழிப்போக்கர் எல்லோருக்கும் வெளிப்படையாக அறிவிக்கும் ஏற்பாடு இது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில், கடலால் சூழப்பட்ட நிலத்தில், ஒருவர் செய்த தவறு அவர் பிள்ளைகளின் திருமணம்வரை தொடர்ந்து வரும் சூழலில்தான் இப்படியோர் அறிவிப்பு அச்சமின்றிச் செய்யப்பட முடியும். கதவின் வேலையை அங்கே அண்டை வீட்டாரின் கண்களும் நாவும் செய்தன.

தீபகற்பத்தின் ஊர்களில் இந்த ஒழுங்கு எழுத்து வடிவமும் பெற்றது. ஜொசொன் அரசு (1392–1910) கன்ஃபூசிய நெறியைத் தன் அடித்தளமாகக் கொண்டது. அந்நெறியில் வந்த அறிஞர் இ ஹ்வாங் 1556இல் யேஆன் என்ற ஊருக்கும், இ இ 1571இல் சொவொன் என்ற ஊருக்கும் ஹியாங்யாக் எனப்படும் ஊர் உடன்படிக்கைகளை வகுத்தார்கள். நற்செயலுக்கு ஊக்கம் தருவது, தவறைத் திருத்துவது, மரியாதை முறையைப் பேணுவது, துன்பத்தில் உதவுவது ஆகிய நான்கும் அவற்றின் தூண்கள். பெற்றோரைப் புறக்கணித்தவர், அண்டை வீட்டாரோடு சண்டையிட்டவர், இழவு வீட்டுக்கு உதவாதவர் ஆகியோர்மேல் ஊரே நடவடிக்கை எடுத்தது.

உழைப்பிலும் பணத்திலும் இதே பிணைப்பு இருந்தது. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் ஊர் முழுவதும் ஒன்றுசேர்ந்து இறங்கும் தூரே, குடும்பத்துக்குக் குடும்பம் கைமாற்றாக உழைத்துக் கொடுக்கும் பூமாசி, பணம் சேர்த்துச் சாவுச் செலவுக்கும் திருமணத்துக்கும் எடுத்துக்கொள்ளும் க்யே ஆகியவை ஊர் வாழ்வைத் தாங்கின. க்யே நம் நாட்டுச் சீட்டுக்கு நெருங்கிய உறவு. அதை நடத்துபவரின் நாணயமே அதன் ஒரே பிணை. நகரமயமான பின்பும் இல்லத்தரசிகளிடையே அது தொடர்ந்தது. நடத்துபவர் பணத்தோடு தலைமறைவாகும் செய்திகளும் தொடர்ந்தன.

ஊரின் தன்னொழுங்கோடு அரசின் கையும் அன்றே கலந்திருந்தது. 1413இல் மன்னர் தேஜொங் காலத்தில், 16 வயது நிறைந்த ஆண்கள் ஹோபே என்ற அடையாள வில்லையை அணிய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உயர்குடியினரது தந்தத்தால் ஆனது; எளியவரது மரத்தால் ஆனது. ஐந்து வீடுகளை ஒரு தொகுதியாக்கி, ஒரு வீட்டின் நடத்தைக்கு மற்ற நான்கு வீடுகளையும் பொறுப்பாக்கும் முறை 1485இல் நிறைவுற்ற சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது, 1675இல் புதுப்பிக்கப்பட்டது. வரி ஏய்ப்பவரையும் ஊரைவிட்டு ஓடியவரையும் பிடிக்கப் பயன்பட்ட இதே முறை, 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கரைத் தேடிப் பிடிக்கவும் பயன்பட்டது. அண்டை வீட்டாரைக் காப்பவரும் காட்டிக் கொடுப்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடும் என்ற பாடம் கொரிய வரலாற்றில் இவ்வளவு பழையது.

3. அரசின் பதிவேடு

20ஆம் நூற்றாண்டு இந்த ஊர்ப் பிணைப்பை உலுக்கியது. 1910 முதல் 1945 வரை ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி. அதன்பின் நாட்டுப் பிரிவினை. 1950 முதல் 1953 வரை போர். கதவில்லா வீடுகளின் ஜேஜுவில் 1947க்கும் 1954க்கும் இடையில் கிளர்ச்சியும் அதை ஒடுக்கிய அரசு வன்முறையும் 25,000 முதல் 30,000 பேரின் உயிரைப் பறித்தன என்று 2003ஆம் ஆண்டின் அரசு அறிக்கை மதிப்பிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அரசுப் படைகளாலும் அவற்றுக்குத் துணைபோன குழுக்களாலும் கொல்லப்பட்டவர்கள். குடியரசுத் தலைவர் ரோ மூ ஹியூன் அதே ஆண்டு மன்னிப்புக் கேட்டார். திருடருக்கு அஞ்சாத ஊர், தன்னைக் காக்க வேண்டிய அரசுக்கு அஞ்ச நேர்ந்தது.

பாதுகாப்பு என்பதே தேசப் பாதுகாப்பாக மாறிய காலம் அது. அமெரிக்க இராணுவ நிர்வாகம் 1945இல் கொண்டுவந்த இரவு ஊரடங்கு, 1982 ஜனவரி 5 வரை நீடித்தது. நள்ளிரவு முதல் விடியற்காலை 4 மணிவரை தெருவில் இருப்பதே குற்றம். ஒரு தலைமுறை முழுவதும் பின்னிரவுத் தெருவை அறியாமலே வளர்ந்தது. இன்று இரவு 2 மணிக்கும் விளக்கெரியும் சியோல் தெருக்களின் வயது அரை நூற்றாண்டுகூட இல்லை.

1968 ஜனவரி 21 அன்று வட கொரியப் படையினர் 31 பேர் எல்லை தாண்டி வந்து, குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அருகில்வரை ஊடுருவினார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின் அதே ஆண்டு நவம்பரில் நாட்டு மக்கள் அனைவருக்கும் பதிவு எண்ணும் அட்டையும் வழங்கும் பணி தொடங்கியது. அன்றைய குடியரசுத் தலைவர் பார்க் சுங் ஹீ முதல் அட்டையைப் பெற்றார். 1975 முதல் அந்த எண்ணுக்கு 13 இலக்கங்கள். பிறந்த நாளும் பாலினமும் அதிலேயே அடங்கிவிடும். 17 வயதானதும் ஒவ்வொரு குடிமகனும் குடிமகளும் பத்து விரல் ரேகைகளையும் அரசுக்குத் தர வேண்டும். குற்றவாளி என்ற ஐயம் சிறிதும் இல்லாதவரின் ரேகையை அரசு வைத்திருப்பது உரிமை மீறல் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 2005இல் அரசமைப்பு நீதிமன்றம் அந்த நடைமுறையைச் செல்லும் என்றது.

1976இல் அண்டை வீட்டார் மாதந்தோறும் கூடும் பான்சாங்ஹே என்ற கூட்டம் நாடு முழுவதும் அரசு ஏற்பாட்டில் தொடங்கியது. தெருவிளக்கு, குப்பை, வடிகால் போன்ற ஊர்க் காரியங்களோடு அரசின் அறிவிப்புகளும், ஐயத்துக்குரிய அந்நியரைப் பற்றிய எச்சரிக்கைகளும் அங்கே பேசப்பட்டன. ஐந்து வீட்டுத் தொகுதியின் நிழல் அதில் தெளிவாகத் தெரிகிறது. 1987இல் மக்கள் போராட்டத்தால் ஜனநாயகம் மீண்டபோது ஆட்சியாளர் மாறினார்கள்; பதிவேடும் ரேகையும் இருந்தபடியே நின்றன.

4. நகரத்தின் பூட்டுகள்

1960களுக்குப் பின் ஊர்கள் வெறுமையாகி, மக்கள் சியோலிலும் பிற நகரங்களிலும் குவிந்தார்கள். ஒருவரையொருவர் அறியாத லட்சக்கணக்கானோர் ஒரே இடத்தில் வாழும்போது, ஊரின் கண்ணும் நாவும் செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். அதைச் செய்தவை நான்கு.

முதலாவது குடியிருப்பு. இன்று பாதிக்கும் மேற்பட்ட கொரியக் குடும்பங்கள் அபார்ட்மெண்டுகளில் வாழ்கின்றன. வளாகத்துக்கு ஒரு நுழைவாயில், காவலாளி, தலைவாசலில் கடவு எண், வீட்டுக் கதவில் எண்பூட்டு என்று வாசல்கள் அடுக்கடுக்காக அமைகின்றன. வாசலில் கிடக்கும் பொட்டலம் உண்மையில் இரண்டு மூன்று வாசல்களுக்கு உள்ளே கிடக்கிறது.

இரண்டாவது கேமரா. சியோலின் காங்னாம் மாவட்டம் 2000களின் தொடக்கத்தில் குற்றத் தடுப்புக்காகத் தெருக்களில் சிசிடிவி பொருத்தத் தொடங்கியது. மற்ற மாவட்டங்கள் தொடர்ந்தன. 2022 முடிவில் பொது நிறுவனங்கள் மட்டும் நாடு முழுவதும் இயக்கிய கேமராக்கள் 16 லட்சத்துக்கும் மேல். கடைகளும் குடியிருப்புகளும் வைத்தவை அந்தக் கணக்கில் சேராதவை. கார்களில் முன்னும் பின்னும் பதிவுசெய்யும் கேமரா பொருத்துவது வழக்கமாகிவிட்டது. நிறுத்தி வைத்த காரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 2011இல் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், கேமரா இருக்கும் இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பதைக் கட்டாயமாக்கியது. அந்தப் பலகையே பாதி காவலைச் செய்துவிடுகிறது.

மூன்றாவது பணத்தின் வடிவம். 1993 ஆகஸ்ட் 12 அன்று குடியரசுத் தலைவர் கிம் யங் சாம் பிறப்பித்த அவசர ஆணையால், உண்மைப் பெயரில் மட்டுமே வங்கிக் கணக்கு நடத்த முடியும் என்றானது. 1999இல் கார்டில் செலவழிப்போருக்கு வருமான வரிச் சலுகை வந்தது. கடைகளின் வருவாய் அரசுக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். சில ஆண்டுகளில் சிறு கடைவரை கார்டு பரவியது. பணப்பையில் பணம் இல்லாதபோது பையைத் திருடுவதில் பயனில்லை. திருடிய கார்டைத் தேய்த்த இடமும் நேரமும் உடனே பதிவாகின்றன.

நான்காவது சட்டம். கண்டெடுத்த பொருளைத் தனதாக்கிக் கொள்வது கொரியக் குற்றவியல் சட்டத்தின் 360ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ 30 லட்சம் வொன்வரை அபராதமோ விதிக்கத்தக்க குற்றம். ஒப்படைப்பவருக்குப் பொருள் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடுவரை பரிசு பெறும் உரிமையைத் தொலைந்த பொருள் சட்டம் தருகிறது. உரியவர் ஆறு மாதத்தில் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே பொருள் சொந்தமாகும். தொலைந்தவற்றின் பட்டியலைக் காவல்துறை இணையத்தில் வெளியிடுகிறது. நேர்மையாக நடப்பவருக்கு வழி எளிதாகவும், தவறுபவருக்கு வழி இடுக்கமாகவும் அமைக்கப்பட்டிருக்கிறது.

இந்த நான்கும் சேராத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்குச் சைக்கிள் சான்று. மேசைமேல் விட்ட லேப்டாப் இருக்கும், வாசலில் விட்ட சைக்கிள் இருக்காது என்பது கொரியர்களே சொல்லும் பேச்சு. சைக்கிள் திருட்டில் சிக்கியதாகச் சொல்லப்படும் குடியேற்றக் காலச் சைக்கிள் பந்தய வீரர் ஓம் பொக் தொங்கின் பெயரைச் சொல்லித் தங்கள் நாட்டையே அவர்கள் அழைப்பதுண்டு. சைக்கிளுக்குக் கட்டாயப் பதிவு எண் இல்லை. தெருவோரம் நாள்கணக்கில் நிற்பதால் உரிமையாளர் யாரென்று தெரிவதில்லை. ஏறி மிதித்தால் நொடியில் இடம் மாறிவிடும். கொரோனா காலத்தில் பெருகிய ஆளில்லாக் கடைகளிலும் சிறுவர்கள் திருடும் வழக்குகள் கூடின. மனித இயல்பு எங்கும் ஒன்றுதான்; ஏற்பாடு மாறும் இடத்தில் நடத்தையும் மாறுகிறது.

5. நம்பிக்கையின் அளவு

சமூகவியலார் நம்பிக்கையை அளக்க ஓர் எளிய கேள்வியைப் பயன்படுத்துகிறார்கள்: பெரும்பாலான மனிதரை நம்பலாமா, அல்லது மனிதரோடு பழகுவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமா? உலக மதிப்பீடுகள் ஆய்வு பல பத்தாண்டுகளாக இதைப் பல நாடுகளில் கேட்டு வருகிறது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க் போன்ற நாடுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நம்பலாம் என்கிறார்கள். தென் கொரியாவில் அந்தப் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. குடும்பத்தார், பழகியவர் மீது கொரியர்களுக்கு உள்ள நம்பிக்கை மிக உறுதியானது. முதன்முறை சந்திக்கும் மனிதரிடம் வரும்போது அது சரிகிறது.

அமெரிக்க அரசியல் அறிஞர் பிரான்சிஸ் ஃபுகுயாமா 1995இல் எழுதிய நூலில், குடும்ப வட்டத்துக்கு வெளியே நம்பிக்கை குறைந்த சமூகங்களின் வரிசையில் கொரியாவையும் வைத்தார். அத்தகைய சமூகத்தில் பெருந்தொழில் தானாக வளர்வது அரிது. கொரியாவில் அரசு முன்னின்று கடனும் வழியும் தந்ததால் செபோல் எனப்படும் பெருங்குழுமங்கள் எழுந்தன என்பது அவர் விளக்கம். அக்குழுமங்கள் பல இன்றும் தந்தையிடமிருந்து மகனுக்கும் பேரனுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன.

ஜப்பானியச் சமூக உளவியலாளர் தொஷியோ யமகிஷி வகுத்த ஒரு வேறுபாடு கொரியாவுக்கும் நன்கு பொருந்துகிறது. எதிரிலிருப்பவர் ஏமாற்றினால் அவருக்கே கேடு என்ற ஏற்பாட்டால் வரும் துணிவு ஒன்று. அதை அவர் உறுதிப்பாடு என்றார். ஏற்பாடு எதுவும் இல்லாதபோதும் எதிரிலிருப்பவரின் நல்லெண்ணத்தை எதிர்பார்ப்பது மற்றொன்று, அதுவே நம்பிக்கை. உறுதிப்பாடு வலுவாக உள்ள சமூகத்தில் மனிதர்கள் நம்பிக்கையைப் பழகும் வாய்ப்பே குறைந்துவிடக்கூடும் என்பது அவர் கண்டறிந்த முரண். அமெரிக்கரைவிட ஜப்பானியர் முன்பின் அறியாதவரைக் குறைவாகவே நம்புகிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின.

கொரிய ஊரின் ஐந்து வீட்டுத் தொகுதி, பதிவு எண், கேமரா, கார்டு ஆகிய அனைத்தும் உறுதிப்பாட்டின் கருவிகள். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பை அவை காக்கின்றன. கருவிகள் எட்டாத இடத்தில் காக்க வேண்டியது நம்பிக்கை. கொரியச் சமூகம் கடந்த முப்பது ஆண்டுகளில் பட்ட காயங்களில் பல அத்தகைய இடங்களில் நேர்ந்தவை.

6. பாதுகாப்பு எட்டாதவர்கள்

கொரியாவில் திருட்டு குறைந்துவந்த காலத்திலேயே மோசடி பெருகியது. அண்மை ஆண்டுகளில் பதிவாகும் மோசடி வழக்குகள் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல். 2006இல் முதன்முதலாக வெளிப்பட்ட தொலைபேசி மோசடி இன்றுவரை உருமாறித் தொடர்கிறது. காவல் அதிகாரி போலவும் வங்கி ஊழியர் போலவும் பேசி, அதிகாரத்தின் குரலுக்குப் பணியும் பழக்கத்தையே அது பயன்படுத்துகிறது. பணத்தை எடுத்துச் செல்பவரைக் கேமரா பிடித்துவிடும். பணத்தைத் தானே அனுப்பி வைப்பவரை அது காப்பாற்ற முடியாது.

ஜொன்சே மோசடி இதைவிடக் கொடியது. ஜொன்சே என்பது தமிழ்நாட்டில் ஒத்தி, போக்கியம் எனப்படும் ஏற்பாட்டை ஒத்தது. குடியேறுபவர் மாத வாடகை தராமல் வீட்டு விலையில் பாதி முதல் முக்கால் பங்குவரை உரிமையாளரிடம் மொத்தமாகக் கொடுப்பார். இரண்டாண்டுக் குடியிருப்பு முடிந்ததும் முழுத்தொகையும் திரும்பி வரும். வட்டி உயர்வாகவும் வீட்டு விலை ஏறிக்கொண்டும் இருந்த காலத்தில் இது இரு தரப்புக்கும் நன்மையாக இருந்தது. ஆனால் சொந்தப் பணம் ஏறக்குறைய இல்லாமலே, குடியேறுவோர் தந்த தொகையைக் கொண்டு நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிக் குவித்தவர்கள், விலை சரிந்ததும் கைவிரித்தார்கள். இன்சொன் நகரின் மிச்சுஹொல் பகுதியில் 2023இல் பாதிக்கப்பட்ட இளைஞர்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூன் 1 அன்று சிறப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 நடுப்பகுதிக்குள் 30,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாக அரசால் ஏற்கப்பட்டனர். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள். பத்திரப் பதிவைப் பார்த்தார்கள், உரிமம் பெற்ற தரகரை நம்பினார்கள். அவர்களிடம் குறை காண இடமில்லை.

பெண்களின் அனுபவம் மற்றொரு பக்கம். இரவில் தனியே நடக்க அஞ்சுகிறீர்களா என்று கொரியப் புள்ளியியல் துறை கேட்கும்போதெல்லாம் ஆம் என்னும் பெண்களின் விகிதம் ஆண்களைவிட மிக அதிகமாக இருக்கிறது. 2016 மே 17 அன்று காங்னாம் ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு பொதுக் கழிப்பறையில், முன்பின் அறியாத ஆணால் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொலையாளி அங்கே காத்திருந்து, வந்துபோன ஆண்களை விட்டுவிட்டு, முதலில் வந்த பெண்ணைத் தாக்கியதைக் கேமரா பதிவுகள் காட்டின. நிலையத்தின் 10ஆம் எண் வாயில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒட்டிய இரங்கல் குறிப்புகளால் நிறைந்தது. உலகின் பாதுகாப்பான நகரம் என்ற புகழ் தங்களையும் சேர்த்துச் சொல்லப்படுகிறதா என்று பெண்கள் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கிய தருணம் அது.

தெருவைக் காக்கும் கேமராவே கழிப்பறையிலும் உடைமாற்றும் அறையிலும் ஒளிந்தபோது கேள்வி மேலும் கூர்மையானது. ஒளிவுக் கேமராக் குற்றங்களை எதிர்த்து 2018இல் சியோலின் ஹ்யேஹ்வா நிலையப் பகுதியில் பல்லாயிரம் பெண்கள் திரும்பத் திரும்பத் திரண்டார்கள். பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தண்டிக்கும் தனிச் சட்டம் 2021 அக்டோபர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் சின்தாங் சுரங்க ரயில் நிலையத்தில் பணியில் இருந்த பெண் ஊழியர் ஒருவர், தான் வழக்குத் தொடுத்திருந்த முன்னாள் சக ஊழியரால் கொல்லப்பட்டார். அதற்குப் பின் 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, பாதிக்கப்பட்டவர் விரும்பாவிட்டால் தண்டனை இல்லை என்ற விதி நீக்கப்பட்டது. சமரசத்துக்கு வற்புறுத்தும் குற்றவாளியிடமிருந்து பெண்களுக்கு விடுதலை அந்தத் திருத்தத்தால்தான் கிடைத்தது.

7. நிறுவனங்கள் தந்த காயம்

மனிதரிடம் எச்சரிக்கையாக இருக்கக் கொரியர்களுக்குக் கற்பித்ததில் பெருவிபத்துகளுக்கு முதன்மைப் பங்கு உண்டு. 1994 அக்டோபரில் ஹான் ஆற்றின் சொங்சு பாலம் காலை நேரத்தில் முறிந்து 32 பேர் இறந்தார்கள். 1995 ஜூன் 29 அன்று சம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். தூண்களின் பருமனைக் குறைத்து, திட்டத்தில் இல்லாத மாடியை ஏற்றிக் கட்டிய கட்டடம் அது. அதற்கு உரிமம் தர அதிகாரிகள் கையூட்டு வாங்கியிருந்தார்கள். 2003 பிப்ரவரியில் தேகு நகரச் சுரங்க ரயிலில் ஒருவர் வைத்த தீ, எளிதில் பற்றும் இருக்கைகளாலும் நிர்வாகத் தடுமாற்றத்தாலும் 192 பேரைக் கொன்றது.

2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கியபோது 304 பேர் இறந்தார்கள். அவர்களில் 250 பேர் சுற்றுலா சென்ற தான்வொன் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது, பிள்ளைகள் இருந்தார்கள், தலைமை மாலுமி வெளியேறினார். சொன்ன சொல்லை நம்பியதே அவர்கள் செய்தது. அதன்பின் வளர்ந்த தலைமுறைக்கு, அதிகாரத்தின் அறிவிப்பை முதலில் ஐயுறுவது உயிர்காக்கும் பழக்கமாகிவிட்டது. 2022 அக்டோபர் 29 இரவு சியோலின் இதேவொன் பகுதிச் சந்து ஒன்றில் நெரிசலில் 159 பேர் இறந்தபோது காயம் மீண்டும் திறந்தது. கூட்டம் ஆபத்தாகிறது என்று ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு முன்பிருந்தே மக்கள் காவல்துறை எண் 112க்குத் தெரிவித்திருந்தார்கள்.

ஒருவரின் பாதுகாப்புக்காக மற்றொருவர் விலை கொடுப்பதும் உண்டு. தண்டவாளத்தில் விழுவதைத் தடுக்கும் நடைமேடைத் தடுப்புக் கதவுகள் 2009 முடிவுக்குள் சியோல் சுரங்க ரயிலின் எல்லா நிலையங்களிலும் பொருத்தப்பட்டன. பயணிகளின் உயிர் பல காக்கப்பட்டது. 2016 மே 28 அன்று குயி நிலையத்தில் அத்தகைய கதவைத் தனியாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த 19 வயதுத் துணை ஒப்பந்தத் தொழிலாளி ரயிலில் சிக்கி இறந்தார். இருவர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. பணியிட விபத்துகளில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடும் விபத்துக்கு நிறுவனத் தலைவரையே பொறுப்பாக்கும் சட்டம் 2022 ஜனவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது.

இந்தத் துயரங்களுக்கு இடையிலும் பாதுகாப்பு கட்டி எழுப்பத்தக்கது என்பதற்குச் சாலை நல்ல சான்று. 1991இல் சாலை விபத்துகளில் 13,429 பேர் இறந்தார்கள். 2023இல் 2,551 பேர். வாகனங்கள் பன்மடங்கு பெருகிய காலத்தில் கிடைத்த குறைவு இது. சீட் பெல்ட் கட்டாயம், வேகக் கேமரா, குடித்துவிட்டு ஓட்டுவோருக்குக் கடும் தண்டனை, பள்ளிச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பு, 2021 முதல் நகரச் சாலைகளில் 50 கிலோமீட்டர் வரம்பு என்று ஒவ்வொரு படியாக அது எட்டப்பட்டது.

8. நெருக்கடியில் திரளும் கைகள்

அளவெடுப்பில் குறைவாகத் தெரியும் நம்பிக்கை, நெருக்கடியில் பெருக்கெடுப்பதையும் கொரிய வரலாறு காட்டுகிறது. 1997 நிதி நெருக்கடிக்குப் பின் 1998 தொடக்கத்தில் நடந்த தங்கம் திரட்டும் இயக்கத்தில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் திருமண மோதிரத்தையும் குழந்தையின் முதல் பிறந்தநாள் மோதிரத்தையும் கொண்டுவந்தார்கள். சுமார் 227 டன் தங்கம் சேர்ந்தது. 2007 டிசம்பரில் தேஆன் கடற்கரையில் கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெயைத் துடைத்தெடுக்க 12 லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கடுங்குளிரில் கல் கல்லாகத் துடைத்தார்கள். முன்பின் அறியாதவர் தோளோடு தோள் நின்ற உழைப்பு அது.

தொற்றுநோய்க் காலம் உறுதிப்பாடு, நம்பிக்கை இரண்டின் எல்லைகளையும் ஒருங்கே காட்டியது. 2015இல் மெர்ஸ் நோய் 186 பேரைத் தொற்றி 38 பேரைக் கொன்றது. நோயாளிகள் இருந்த மருத்துவமனைகளின் பெயரை அரசு முதலில் மறைத்ததால் வதந்தியும் அச்சமும் பரவின. அந்தப் பாடத்தால் சட்டம் திருத்தப்பட்டு, தகவலை வெளியிடுவது அரசின் கடமையானது. 2020இல் கொரோனா வந்தபோது கார்டு பதிவு, கைப்பேசி இருப்பிடம், கேமரா ஆகியவற்றால் தொற்றியவரின் வழித்தடம் கண்டறியப்பட்டு வெளியிடப்பட்டது. நாடு முழுவதும் கதவடைப்பு இல்லை. ஏப்ரல் 15 அன்று நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் முகக்கவசத்தோடு 2.9 கோடிப் பேர் வாக்களித்தார்கள், வாக்குப்பதிவு 66.2 விழுக்காடு. அரசு உண்மையை உடனுக்குடன் சொன்னபோது மக்கள் ஒத்துழைத்தார்கள். ஆனால் மே மாதம் இதேவொன் கேளிக்கை விடுதிகளில் தொற்று பரவியபோது, வெளியான வழித்தடங்கள் ஒருபால் ஈர்ப்புடையோரை அம்பலப்படுத்தும் அச்சத்தை உண்டாக்கின. பரிசோதனைக்கு வரவே பலர் தயங்கினார்கள். சியோல் நகராட்சி பெயர் கேட்காத பரிசோதனையைக் கொண்டுவந்த பிறகே தயக்கம் குறைந்தது. கண்காணிப்பைத் தளர்த்தியது அங்கே பாதுகாப்பைக் கூட்டியது.

9. தொகுப்பு

கொரியாவின் அன்றாடப் பாதுகாப்பு மக்களின் பிறவிக் குணமன்று. ஊர் உடன்படிக்கை, ஐந்து வீட்டுப் பொறுப்பு, பதிவு எண், அடுக்குமாடி, கேமரா, கார்டு, தொலைந்த பொருள் சட்டம் என்று ஐந்நூறு ஆண்டுகளாக அடுக்கப்பட்ட ஏற்பாடுகளின் பயன் அது. இவற்றில் சில மக்கள் தாமே செய்துகொண்டவை. சில அரசு சுமத்தியவை. முன்னவற்றுக்கு ஊர் பெருமை கொள்ளலாம். பின்னவற்றுக்குத் தந்த விலையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இந்த ஏற்பாடுகள் பொருளைக் காப்பதில் பெருவெற்றி பெற்றிருக்கின்றன. ஜொன்சேக்குக் குடியேறியவரின் சேமிப்பு, பெண்ணின் இரவு நடை, துணை ஒப்பந்தத் தொழிலாளியின் உயிர், கப்பலில் ஏறிய மாணவரின் நம்பிக்கை ஆகியவற்றுக்கு அதே அளவு காவல் இன்னும் கிடைக்கவில்லை. பொருளுக்குக் கிடைத்த பாதுகாப்பை மனிதருக்கும் விரிப்பதே கொரியச் சமூகத்தின் இன்றைய பணி. அதற்குக் கேமராவின் எண்ணிக்கையைக் கூட்டுவது போதாது. அதிகாரத்தில் இருப்போர் உண்மை சொல்வதும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பதும், பாதிக்கப்பட்டவரின் சொல் முதலில் கேட்கப்படுவதும் வழக்கமாக வேண்டும். மெர்ஸுக்குப் பின் திருந்திய தகவல் சட்டமும், சின்தாங்குக்குப் பின் திருந்திய தொல்லைத் தடுப்புச் சட்டமும், சாலையில் காக்கப்பட்ட உயிர்களும் அது இயலும் என்பதைக் காட்டுகின்றன. ஏமாற்றினால் பிடிபடுவார் என்ற உறுதிப்பாட்டை ஏற்பாடுகள் தரும்; ஏமாற்றமாட்டார் என்ற நம்பிக்கையை நிறுவனங்களின் நேர்மையான நடத்தை ஆண்டுக்கணக்கில் ஈட்ட வேண்டும்.